குரலுக்கு யார் சம்பளம் தருவது?

வில்லியனூரில் எனக்கு ஓர் அண்ணன் உண்டு. கூடப் பிறந்தவர் இல்லை. ஊர்ப் பழக்கம். பெயர் வேண்டாம், அவருக்கே பிடிக்காது. பெயரைச் சொன்னாலும் உங்களுக்கு ஒன்றும் தெரியப் போவதில்லை. ஆனால் அவர் ஒரே ஒரு தரம் வாயைத் திறந்து 'வணக்கம் நேயர்களே' என்று சொல்லிவிட்டால் போதும். 'அட, நீங்களா அது?' என்று எழுந்து நின்றுவிடுவீர்கள்.

பதினோரு வருடம் ஒரு வானொலி நிலையத்தில் இரவு நிகழ்ச்சி செய்தவர். எந்த நிலையம் என்று கேட்காதீர்கள். 2020ல், கொரோனா ஊரடங்கு சற்றே தளர்ந்த ஒரு மத்தியான வேளையில் அவருக்கு போன் வந்தது. 'சார், நாளையிலேர்ந்து நீங்க வர வேணாம். நைட் ஷோ இனிமே சென்னையிலேர்ந்தே வந்துடும்.' அவ்வளவுதான். மறுநாள் இரவு அதே நேரத்தில், அதே இசைக்குப் பின்னால் வேறு ஒரு குரல் வந்தது. முந்தைய நாள் வரை இருந்தவர் எங்கே போனார் என்று அந்தக் குரல் சொல்லவில்லை.

'பதினோரு வருஷம் பேசினேன் தம்பி. என்னை அனுப்பறதுக்கு ரெண்டு நிமிஷம்தான் பேசினாங்க' என்றார் அண்ணன். அதைக்கூட அவர் பெரிதாக நினைக்கவில்லை. 'போயிட்டு வரேன்னு ஒரு வார்த்தை சொல்ல விட்டிருக்கலாம். அதுதான் மனசுல நிக்குது.'

நான் பி.காம் படித்தவன். எந்தச் சோகக் கதையைக் கேட்டாலும் புத்தி முதலில் வரவு செலவுக்குத்தான் போகும். அன்று வீட்டுக்குத் திரும்பும்போதும் அதுதான் மண்டைக்குள் ஓடியது. நாம் பேப்பருக்குக் காசு கொடுக்கிறோம். சினிமாவுக்கு டிக்கெட் எடுக்கிறோம். கேபிளுக்கு மாதாமாதம் அழுகிறோம். ரேடியோவுக்கு என்றைக்காவது, யாராவது காசு கொடுத்திருக்கிறோமா? இல்லையென்றால் அந்தக் குரலுக்கு இத்தனை காலமும் சம்பளம் கொடுத்தது யார்?

பதில் தெரிய வேண்டுமென்றால் நூறு வருடம் பின்னால் போகவேண்டும். வாருங்கள்.

முதலில் சென்னை. 1924 மே மாதம். சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவரின் முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் என்று ஒரு சங்கம் ஆரம்பிக்கிறார்கள். ஜூலை 31ம் தேதி ஒலிபரப்பே தொடங்கிவிட்டது. கருவியின் சக்தி 40 வாட். அந்தக் காலத்து வீட்டுக் கூடத்தில் எரிந்த குண்டு பல்பை நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் சக்தி. சாயங்காலம் சங்கீதம், கொஞ்சம் பேச்சு. இந்தியாவில் அரசாங்கமோ பெரிய கம்பெனியோ இதில் இறங்குவதற்கு முன்பே சென்னையில் நாலு பேர் கைக்காசைப் போட்டுக் காற்றில் பாட்டு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

கைக்காசு எத்தனை நாள் தாங்கும்? மூன்று வருடம் தாங்கியது. 1927 அக்டோபரில் கிளப் மூச்சை நிறுத்திக்கொண்டது. காரணம் பணம். கருவியை சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்ப ஆரம்பித்தது. வீட்டில் ரேடியோ பெட்டி இல்லாதவர்களுக்காக மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டினார்கள். காற்று வாங்கப் போனவர்கள் கச்சேரியும் கேட்டுவிட்டு வந்தார்கள். நகரத்துக்கு வரி கட்டுகிறவர் பணத்தில் நகரத்துக்குப் பாட்டு. கணக்கு நேர்மையாகத்தான் இருந்தது.

இதே சமயத்தில் பம்பாயில் வேறு கணக்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி. 1927 ஜூலை 23ம் தேதி பம்பாய் நிலையம், அடுத்த மாதமே கல்கத்தா நிலையம். முதலீடு 15 லட்சம் என்று திட்டம். கைக்கு வந்தது 6 லட்சம். அதில் இரண்டு நிலையங்களைக் கட்டவே நாலரை லட்சம் போய்விட்டது. இனி வருமானத்தில்தான் ஓட்ட வேண்டும்.

வருமானம் எங்கிருந்து? லைசென்ஸ். ரேடியோ பெட்டி வைத்திருப்பவர் வருடத்துக்கு 10 ரூபாய் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். அதில் 8 ரூபாய் கம்பெனிக்கு. இறக்குமதியாகும் ரேடியோ சாமான்களின் விலையில் பத்து சதவிகிதமும் உண்டு. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. 1929 கடைசியில் மொத்த லைசென்ஸ் எத்தனை தெரியுமா? 7,775. இத்தனை பெரிய தேசத்துக்கு!

ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்கள். 7,775 பேர், தலைக்கு 8 ரூபாய். வருடத்துக்கு 62,200 ரூபாய். கம்பெனியின் செலவோ ஆரம்பத்தில் மாதத்துக்கு 33,000. கத்தரியை எடுத்து வெட்டி 24,000க்குக் கொண்டு வந்தார்கள். வெட்டிய பிறகும் வருடத்துக்கு 2,88,000 ஆகிறது. லைசென்ஸ் கட்டாமல் திருட்டுத்தனமாகக் கேட்டவர்கள் தனி. அவர்கள் எண்ணிக்கையைக் கணக்கெடுக்க வழி இல்லை.

மாதச் செலவில் 9,000 ரூபாயைக் குறைத்தார்கள் என்று சரித்திரப் புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். ஒலிபரப்பில் செலவைக் குறைப்பது என்றால் என்ன? கட்டடத்தைச் சுருட்ட முடியாது. கருவியைப் பாதியாக அறுக்க முடியாது. பாடுகிறவர், வாசிக்கிறவர், பேசுகிறவர் பக்கம்தான் கத்தரி போகும். இந்த வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாலும் வரும்.

1930 மார்ச் 1ம் தேதி கம்பெனி திவால். ஏப்ரலில் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அப்பாடா, சர்க்கார் உத்தியோகம் என்று உள்ளே இருந்தவர்கள் மூச்சு விட்டிருப்பார்கள். ஒன்றரை வருடம்தான். உலகமெங்கும் பொருளாதார மந்தம். 1931 அக்டோபர் 10ம் தேதி, சிக்கன நடவடிக்கை என்று சொல்லி, ஒலிபரப்பையே மூடிவிட முடிவு செய்தது அரசு. எதிர்ப்பு கிளம்பியது. நவம்பர் 23ம் தேதி முடிவு மாற்றப்பட்டது. அந்த ஆறு வாரமும் நிலையத்துக்குள் இருந்தவர்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இழப்பை ஈடுகட்ட ரேடியோ பெட்டி மீதான இறக்குமதி வரியை 25 சதவிகிதத்திலிருந்து 50 ஆக்கினார்கள். 1932 டிசம்பரில் லண்டனிலிருந்து பிபிசியின் எம்பயர் சர்வீஸ் தொடங்கியதும் அதைக் கேட்பதற்காகவே இங்கே பெட்டி வாங்குவோர் பெருகினார்கள். வரியும் லைசென்ஸும் பெருகின. இந்திய வானொலி பிழைத்தது. 1936ல் அதற்கு ஆல் இந்தியா ரேடியோ என்று பெயர் மாறியது. 1938 ஜூன் 16ல் சென்னை நிலையம், மறு வருடம் மே மாதம் திருச்சி நிலையம்.

அப்போது வில்லியனூர் எங்கே இருந்தது? பிரான்சில்! அதாவது பிரெஞ்சு இந்தியாவில். இங்கிலீஷ்காரன் போட்ட 1933ம் வருடத்து வயர்லெஸ் சட்டம் இந்தப் பக்கம் செல்லாது. எல்லைச் சாவடியில் துணியையும் சாராயத்தையும் மடக்கிப் பிடிக்கலாம். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வருகிற நாதஸ்வரத்தை எந்தக் காவலன் மடக்க முடியும்? ரேடியோ அலைக்கு பாஸ்போர்ட் கிடையாது. நம்ம ஊருக்கென்று சொந்த நிலையம் வந்தது, பிரெஞ்சுக்காரர் போய்ப் பல வருடம் கழித்து, 1967ல்.

அதற்குள் தமிழர்கள் இன்னொரு நிலையத்துக்கு மனதைப் பறிகொடுத்திருந்தார்கள். எது என்று சொல்லவும் வேண்டுமா?

இலங்கை வானொலி. இரண்டாம் உலகப்போரில் மவுண்ட்பேட்டனின் படைகளுக்காகக் கொழும்பில் ஒரு பலமான சிற்றலைக் கருவியை வைத்திருந்தார்கள். போர் முடிந்தது. கருவி இலங்கைக்குக் கிடைத்தது. 1950ல் வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பம். இரண்டே வருடத்தில் டெல்லியிலிருந்து அவர்களுக்கு ஒரு பெரிய உதவி போய்ச் சேர்ந்தது. 1952ல் மந்திரியான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு நம் கலாசாரத்தைக் கெடுக்கிறது என்று ஆல் இந்தியா ரேடியோவில் அதை ஓரங்கட்டினார். ஜனங்கள் என்ன செய்வார்கள்? முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். ஜனங்கள் போன இடத்துக்கு விளம்பரக்காரர்களும் போனார்கள். சோப்பும் பற்பசையும் தலைவலித் தைலமும் அங்கே காசு கொட்டின.

கணக்குப் புத்தகத்தில் ஒரு புதிய பெயர் ஏறுகிறது. கிளப் அங்கத்தினர், லைசென்ஸ்காரர், அரசாங்கம். இப்போது விளம்பரதாரர்.

மயில்வாகனனாரையும் ராஜேஸ்வரி சண்முகத்தையும் கே.எஸ். ராஜாவையும் பி.எச். அப்துல் ஹமீதையும் பார்க்காமலேயே தமிழ்நாடு சொந்தக்காரர்களாக்கிக் கொண்டது. டெல்லி விழித்துக்கொண்டு 1957 அக்டோபர் 3ம் தேதி விவித பாரதியை ஆரம்பித்தது. பத்து வருடம் கழித்து, 1967 நவம்பரில் அதிலும் விளம்பரம் வந்தது. இந்திய விளம்பரத்துக்கு இந்தியாவிலேயே வழி கிடைத்தபின் கொழும்பின் வரவு என்ன ஆகும்? தேய ஆரம்பித்தது. பிறகு 1983 கலவரம். தமிழ் பேசுவதே ஆபத்து என்றான ஊரில் தமிழ் அறிவிப்பாளர் வேலை எப்படி இருந்திருக்கும்? கே.எஸ். ராஜா 1989ல் கொழும்பில் கொல்லப்பட்டார். திரை விருந்தில் அவர் மூச்சு விடாமல் பேசியதைக் கேட்டு வளர்ந்த லட்சக்கணக்கான பேரில் பலருக்கு அவர் முகமே தெரியாது.

சரி, இங்கே சர்க்கார் வானொலியில் இருந்தவர்களாவது நிம்மதியாக இருந்தார்களா?

பாதி நிம்மதி. ஆல் இந்தியா ரேடியோவில் ஆபீஸ் குமாஸ்தா அரசு ஊழியர். மைக் முன்னால் உட்கார்ந்து பேசுகிறவர், வீணை வாசிக்கிறவர், நாடகத்தில் நடிக்கிறவர் எல்லாம் 'ஸ்டாஃப் ஆர்ட்டிஸ்ட்'. அதாவது ஒப்பந்தக்காரர். நிலையத்தின் பெயரே இவர்களால்தான். பென்ஷன் மட்டும் குமாஸ்தாவுக்கு. இந்த விநோதம் பல பத்தாண்டுகள் நடந்தது. 1982ல்தான் இவர்களையும் அரசு ஊழியராகக் கருதலாம் என்று முடிவானது.

ஒரு கதவைத் திறந்தால் இன்னொரு கதவை மூடவேண்டும் என்பது நிர்வாகத்தின் இயல்பு. நிரந்தர அறிவிப்பாளர் ஓய்வு பெறப் பெற, அந்த நாற்காலியில் 'கேஷுவல்' அறிவிப்பாளர் வந்து உட்கார்ந்தார். குரல் தேர்வு உண்டு, பயிற்சி உண்டு, மைக் உண்டு. வேலை மட்டும் கிடையாது. மாதத்துக்கு ஆறு நாளுக்கு மேல் பணி கொடுப்பதில்லை என்பது வெகுகால வழக்கம். ஏன் ஆறு? ஏழாவது எட்டாவது நாள் என்று போனால், நாளைக்குக் கோர்ட்டில் போய் நிரந்தரம் கேட்டுவிடுவார்களே! ஆனாலும் கேட்டார்கள். வழக்குகள் வருடக்கணக்கில் நடந்தன. டெல்லியில் உட்கார்ந்து போராடினார்கள்.

பாருங்கள், உங்கள் ஊரில் காலை ஐந்தே முக்காலுக்கு வந்து நிலையத்தைத் திறந்து வைத்து, இருபது வருடமாக உங்களை எழுப்பிய அந்தக் குரல், மாதத்தில் மீதி 24 நாள் டியூஷன் எடுத்தோ ஜெராக்ஸ் கடை வைத்தோ பிழைத்திருக்கலாம்.

இந்த இடத்தில்தான் தனியார் பண்பலை நுழைகிறது. 2001 ஜூலையில் பெங்களூரில் முதல் நிலையம். 2003ல் சென்னையில் சூரியனும் மிர்ச்சியும். அப்பா, என்ன வேகம்! என்ன சிரிப்பு! ஆர்.ஜே. என்ற இரண்டு எழுத்துக்காக பி.இ. படித்த பையன்கள்கூட வரிசையில் நின்றார்கள்.

அந்தக் கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம். முதல் கட்டத்தில் 40 ஊர்களில் 108 அலைவரிசைகளை அரசு ஏலத்துக்கு விட்டது. ஆசையில் ஏலத்தை ஏற்றிவிட்டார்கள். லைசென்ஸ் கட்டணம் வருடாவருடம் 15 சதவிகிதம் வேறு ஏறும் என்பது நிபந்தனை. விளம்பர வருமானம் அப்படி ஏறுமா? ஏலம் எடுத்த பலர் கடையைத் திறக்கவே இல்லை. 108ல் கால்வாசிகூட ஒலிக்கவில்லை. 2005ல் அரசு இறங்கி வந்தது. ஒருமுறை நுழைவுக் கட்டணம், பிறகு வருமானத்தில் 4 சதவிகிதம் என்று மாற்றினார்கள். புதுச்சேரி மாதிரி ஊர்களுக்கும் தனியார் பண்பலை வந்தது அதற்குப் பிறகுதான். அண்ணனுக்கு வேலை கிடைத்தது இந்த அலையில்.

ஆனால் இரண்டு முடிச்சுகள் இருந்தன. ஒன்று, தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி சொல்லக்கூடாது. எனவே ஊருக்கு ஒரு நிருபர் தேவையில்லை. பாட்டும் பேச்சும்தான். இரண்டாவது முடிச்சுக்குப் பெயர் நெட்வொர்க்கிங். ஒரு நிலையத்தில் தயாரித்த நிகழ்ச்சியை அதே கம்பெனியின் மற்ற நிலையங்களிலும் ஒலிபரப்புவது. முதலில் சிறிய ஊர்களுக்கு மட்டும் கட்டுப்பாட்டோடு அனுமதித்தார்கள். 2011ல் வந்த மூன்றாம் கட்டக் கொள்கை கதவை அகலத் திறந்துவிட்டது.

முதலாளி இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? சென்னையில் ஒருவர் பேசுவதை எட்டு ஊரில் விடலாம் என்றால் எட்டுப் பேருக்கு எதற்குச் சம்பளம்? நான்கூட அப்படித்தான் கணக்குப் போடுவேன். பி.காம். படித்தவன் ஆயிற்றே. ஆனால் சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்கு சங்கராபரணி ஆற்றில் தண்ணீர் வந்தது தெரியாது. பாகூர் ஏரி நிரம்பியது தெரியாது. வில்லியனூர் ரயில்வே கேட் மூடியிருப்பதும் தெரியாது. இழப்பு கணக்கில் வராது. ஏனென்றால் அதற்கு யாரும் பில் போடுவதில்லை.

இந்த நிலையில்தான் கொரோனா வந்தது. கடைகள் மூடினால் கடை விளம்பரமும் இல்லை. 2019ல் சுமார் 3,100 கோடி ரூபாய் சம்பாதித்த இந்திய ரேடியோ தொழில், 2020ல் அதில் பாதியைக்கூடப் பார்க்கவில்லை. பம்பாய் கம்பெனி எடுத்த அதே கத்தரி மறுபடியும் வெளியே வந்தது. கட்டடம் அப்படியே இருந்தது. கருவி அப்படியே இருந்தது. போன் மட்டும் அண்ணனுக்கு வந்தது.

'கேட்கிறவர்களே காசு கொடுத்திருந்தால் இந்தப் பிரச்னையே இல்லையே' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அதையும் செய்து பார்த்தாயிற்று. வேர்ல்ட் ஸ்பேஸ் என்ற சாட்டிலைட் ரேடியோ ஞாபகம் இருக்கிறதா? தனிப் பெட்டி, வருடச் சந்தா. ஏ.ஆர். ரஹ்மான் அதற்கு விளம்பர முகம். தமிழுக்கே தனி அலைவரிசை. கேட்டவர்கள் உயிரை விட்டார்கள். ஆனால் அமெரிக்காவில் இருந்த தாய்க் கம்பெனி வானத்தில் சாட்டிலைட்டை நிறுத்தியே கடனில் மூழ்கிவிட்டது. 2008 அக்டோபரில் திவால் மனு. 2009 டிசம்பர் 31ம் தேதி இந்தியாவில் சேவை முடிந்தது. சந்தா பாக்கி இருந்தவருக்குப் பெட்டி மிச்சம். உள்ளே வேலை பார்த்தவருக்கு அதுவும் இல்லை.

உலகம் முழுக்க இதே பாட்டுதான். 1941ல் தொடங்கிய பிபிசி தமிழோசை, 2017 ஏப்ரல் 30ம் தேதியோடு தன் வானொலி ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. 85 வருடம் ஒலித்த பிபிசி அரபி வானொலி 2023 ஜனவரியில் மௌனமானது. 2025 மார்ச்சில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரே நாளில் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். நம்ம பக்கத்திலும் 2021ல் ஒரு பதற்றம். தமிழ்நாடு, புதுச்சேரி வானொலி நிலையங்கள் சொந்த நிகழ்ச்சிகளை இழந்து வெறும் அஞ்சல் நிலையங்களாகிவிடும் என்று செய்தி பரவியது. எம்.பி.க்கள் கடிதம் எழுதினார்கள். எந்த நிலையத்தையும் மூடவில்லை என்று பிரசார் பாரதி மறுத்தது. நிலையத்தை மூடாமலே அதில் பேசுகிறவர்களைக் குறைக்க முடியும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.

நூறு வருடக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான். கிளப், லைசென்ஸ், அரசாங்கம், விளம்பரம், சந்தா என்று பணம் கொடுப்பவர் மாறிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறை அவர் கையை இழுத்துக்கொண்டபோதும், துண்டு விழுந்த தொகையைத் தன் சம்பளத்திலிருந்து கட்டியவர் மைக் முன்னால் இருந்தவர். ரேடியோ நமக்கு இலவசமாகக் கிடைக்கவில்லை. பாதி விலையை அவர்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் இப்போது வில்லியனூரில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார். கல்யாண வீடு, கோயில் விசேஷம் என்றால் மைக் பிடிக்கப் போவார். திருக்காமீசுவரர் கோயில் வைகாசித் தேர் தெரியுமல்லவா? பிரெஞ்சு கவர்னர் காலத்து வழக்கம் மாறாமல் இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிற தேர். ஒரு வருடம் அந்தக் கூட்டத்தில் காணாமல் போன ஒரு குழந்தையைப் பற்றி அண்ணன் மைக்கில் அறிவித்தார். சட்டை நிறம், வயது, எங்கே நிற்கிறது என்று நிதானமாக மூன்று தரம்.

பிள்ளையைத் தேடி ஓடி வந்த தாயோடு ஒரு பாட்டியும் வந்தார். பிள்ளை கிடைத்த சந்தோஷத்தில் தாய் அழ, பாட்டி மட்டும் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

'ராத்திரியிலே ரேடியோவில பேசுமே, அந்தப் புள்ளயா நீ? திடீர்னு ஒருநாள் காணோமேப்பா. உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நெனைச்சிக்கினு இருந்தேன்.'

'நல்லாத்தாம்மா இருக்கேன்' என்றார் அண்ணன். சொல்லிவிட்டு, மைக்கை மூடிக்கொண்டு இன்னொரு வார்த்தையும் சொன்னாராம்.

'போயிட்டு வரேம்மா.'

பதினோரு வருடக் கணக்கில் பாக்கி இருந்த வார்த்தை அது. ஒரே ஒரு நேயரிடமாவது தீர்த்துவிட்டார். இன்று இரவு உங்கள் ரேடியோவில் ஒரு குரல் கேட்டால், அதன் பெயரை ஒரு தரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அது வராமல் போனால், எங்கே என்று விசாரிக்க ஒரு ஆள் வேண்டாமா?